மதுரை வீட்ல பெரிய சிக்லிட் தொட்டி: மலாவியா, ஆஸ்காரா, டிஸ்கஸா, இல்ல நம்ம ஊரு மீனா?

ஹால்ல அஞ்சடி ஆறடிக்கு ஒரு தொட்டி வைக்கணும், அதுல சிக்லிட்ங்கற குடும்பத்து மீன் விடணும்னு ஆசைப்பட்டுட்டு எத விடுறதுன்னு தெரியாம முழிக்கிறவங்க மதுரைல நிறைய பேர் இருக்காங்க. எல்லாரும் நேரா மீன் கடைக்கு போறாங்க, கலர பாக்குறாங்க, பிடிச்சத கவர்ல போட்டு வாங்கிட்டு வந்துடுறாங்க. நான் சொல்றது, கடைக்கு போறதுக்கு முன்னாடி வீட்டு குழாய தொறந்து ஒரு பக்கெட் தண்ணி புடிங்க, அந்த தண்ணிய வச்சுத்தான் மீன முடிவு பண்ணணும். மீனுக்காக தண்ணிய மாத்துறது ரெண்டடி தொட்டில நடக்கும், 500 லிட்டர் தொட்டிக்கு வாராவாரம் அந்த வேலைய பாத்துக்கிட்டே இருக்க முடியாது, ரெண்டு மூணு மாசத்துல கை சலிச்சுப்போகும், அப்பறம் அந்த தொட்டிதான் கஷ்டப்படும்.

நம்ம ஊர்ல வீட்டுக்கு வர்ற தண்ணி ரெண்டு ரகம். ஒண்ணு மாநகராட்சி தண்ணி, மலைல இருந்து வர்ற ஆத்துத் தண்ணிங்கறதால உப்பு கம்மி, ஆனா குளோரின் இருக்கும். இன்னொண்ணு போர் தண்ணி, இது ஏரியாவுக்கு ஏரியா மாறும், ஒரே தெருவுல எதிர் எதிர் வீட்லயே மாறும். குழாய் வாயில வெள்ளையா காரை புடிக்குதா, ஷவர் ஓட்டை அடைச்சுக்கிட்டே இருக்கா, சோப்பு போட்டா நுரை வர மாட்டேங்குதா, அப்ப உங்க வீட்டு தண்ணி கடினமான தண்ணி, அதுக்கு மெஷின்லாம் தேவையில்ல. ஆனா எவ்வளவு கடினம்னு தெரிய ஜிஎச் (மொத்த கடினம்), கேஎச் (கார்பனேட் கடினம்), பிஎச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு) பாக்குற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச மொத்த உப்பு) பாக்குற பேனா மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா டிடிஎஸ் 1200 காட்டுனா அதுல சுண்ணாம்பு எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவுன்னு அந்த பேனா சொல்லாது. நாக்குல வச்சா கரிக்கிற தண்ணியும் சுண்ணாம்பு அதிகமான தண்ணியும் பேனால ஒரே நம்பர் காட்டும், மீனுக்கு ரெண்டும் வேற வேற. குடிக்கிற தண்ணிக்கே 500 வரைக்கும் இருந்தா நல்லதுன்னு இந்திய தர அளவு சொல்லுது, நம்ம போர் தண்ணி பல எடத்துல அதத் தாண்டிருது. அப்படி 1000-த்துக்கு மேல போற வீட்ல மாநகராட்சி தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ பாதிக்கு பாதி கலந்துக்கலாம், மொத்தமா மாத்த வேண்டியதில்ல.

சரி, இப்ப மீனுக்கு வருவோம்.

சிக்லிட்னு வந்தாலே முதல்ல மலாவி ஏரி மீன்தான் ஞாபகம் வரும். ஆப்பிரிக்கால இருக்குற ஏரி அது, 700 மீட்டர் ஆழம், நூத்துக்கணக்குல சிக்லிட் வகை அந்த ஒரே ஏரிக்குள்ளயே இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கெடையாது. அந்த தண்ணி பிஎச் 7.7-ல இருந்து 8.6 வரைக்கும் இருக்கும், நம்ம போர் தண்ணிய ஒரு நாள் காத்தோட்டமா வச்சுட்டு பாத்தா பெரும்பாலும் அந்த ரேஞ்சுலதான் நிக்கும். உண்மைய சொன்னா மலாவி தண்ணி நம்ம போர் தண்ணி அளவுக்கு உப்பு கெடையாது, ஆனா இந்த மீனுங்க நம்ம நாட்டுலயே பண்ணைல கடினமான தண்ணில பல தலைமுறையா வளந்து வர்றதால சமாளிச்சுக்கும். மென்மையான, அதாவது சுண்ணாம்பு கம்மியான தண்ணில வாழப் பொறந்த மீன கொண்டுவந்து இந்த தண்ணில போடுறதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

மலாவிலயே ரெண்டு வழி இருக்கு. பாறைல வாழுற முபுனா ஒண்ணு, அதுல எலக்ட்ரிக் யெல்லோ, டெமசோனி, ஜீப்ரா, ஆரட்டஸ் எல்லாம் வரும். இன்னொண்ணு பீக்காக்கும் ஹேப்பும், கொஞ்சம் பெருசா, நிறம் மின்னுற மாதிரி இருக்கும், ப்ளூ டால்ஃபின், வெனஸ்டஸ் எல்லாம் இந்த கூட்டம். முபுனா பாறைல படிஞ்ச பாசியையும் அதுல இருக்குற பொடிப்பொடி பூச்சியையும் சுரண்டி தின்னே வாழுற மீன், அதோட குடல் நீளம், அதனால சிக்கன், மாட்டு ஈரல், புழுன்னு போட்டீங்கன்னா வயிறு உப்பி செத்துப்போகும், இந்த வியாதிக்கு மலாவி ப்ளோட்னே பேரு. ஸ்பைருலினா கலந்த தீனி, அவிச்சு தோல் உரிச்ச பட்டாணி, லேசா வெந்நில போட்டு எடுத்த பாலக் கீரை, இது போதும். பீக்காக்குக்கு புரதம் கொஞ்சம் கூட வேணும். அதனாலதான் ரெண்டையும் ஒரே தொட்டில போட்டா ஒண்ணுக்கு சரியான தீனி இன்னொண்ணுக்கு ஆகாது, போதாததுக்கு முபுனா வம்புக்கு போற மீன், பீக்காக் ஒதுங்கிப்போயி கலரே வராது. எலக்ட்ரிக் யெல்லோ மட்டும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

முபுனாவ ஏன் நான் இம்புட்டு தூக்கிப் பேசுறேன்னா, அதோட குடும்ப வாழ்க்கைய கண்ணு முன்னாடி பாக்கலாம். ஆண் மீனோட அடித்துடுப்புல முட்டை மாதிரியே மஞ்சப் புள்ளி இருக்கும். பெண் மீன் கல்லு மேல முட்டை விட்ட கையோட அத வாயில அள்ளிக்கும், ஆண் துடுப்ப விரிச்சு காட்டும்போது அந்த புள்ளியையும் முட்டைன்னு நெனச்சு கவ்வப் போகும், அப்பத்தான் உள்ள இருக்குற முட்டைக்கு விந்து சேரும். அதுக்கப்பறம் மூணு வாரம் கிட்டத்தட்ட சாப்பாடு இல்லாம இருக்கும். தாடை கீழ தொங்குற மாதிரி வீங்கி இருக்கும், தீனி போட்டா எல்லாம் மேல ஓடி வரும், அது மட்டும் ஒரு கல்லு ஓரமா நின்னு, மெல்லுற மாதிரி வாய அசைச்சு உள்ள இருக்குற முட்டைய பிரட்டிக்கிட்டே இருக்கும். வெளிச்சம் சரியா விழுந்துச்சுன்னா, கடைசி வாரத்துல அந்த வாய் ஓரத்துல குட்டிக் கண்ணு கண்ணா தெரியும். ஒரு தடவ அதப் பாத்தவங்க தொட்டி முன்னாடி இருந்து எழுந்திரிக்க மாட்டாங்க.

டாங்கனிக்கா ஏரி மீனும் இதே போர் தண்ணிக்கு பொருந்தும், சொல்லப்போனா மலாவிய விட அதுக்குத்தான் கடினமும் பிஎச்சும் கூட வேணும். ஆனா மதுரைல கெடைக்கிறது கம்மி, சென்னை கொளத்தூர்ல இருந்து வர வைக்கணும், விலையும் கூட. அதுல சிப்பிக்குள்ள குடியிருக்குற குட்டி மீன் இருக்கு, ரெண்டு இஞ்ச்க்கு மேல வளராது, அதுக்கு நம்ம வயல்ல கெடக்குற பெரிய நத்தை ஓட்ட நல்லா கொதிக்க வச்சு கழுவிப் போட்டாலே வீடு ஆச்சு. ஆனா அது ரெண்டடி தொட்டிக்கான மீன், பெரிய தொட்டி வைக்கிறவங்க கேள்வி அது இல்ல, அதனால அத இங்கயே விட்டுறேன்.

அடுத்தது ஆஸ்கார். தென்னமெரிக்கா மீன், பிஎச் விஷயத்துல அவ்வளவு பிடிவாதம் கெடையாது, ரொம்ப உப்பு இல்லாத போர் தண்ணில நல்லாவே வளரும். ஆளத் தெரிஞ்சுக்கும், நீங்க ரூமுக்குள்ள வந்தாலே கண்ணாடி கிட்ட வந்து நிக்கும், மத்தவங்க வந்தா அப்படி வராது. ஒரே மீனோட ஒட்டிப்பழகணும்னு நெனைக்கிறவங்களுக்கு இதவிட நல்ல மீன் இல்ல. ஆனா கடைல ரெண்டு இஞ்ச்ல விக்கிற குட்டி மாசம் ஒரு இஞ்ச் கணக்குல வளந்து ஒரு வருஷத்துல ஒரு அடிய தொட்டுரும், அத யாரும் கடைல சொல்ல மாட்டாய்ங்க. ஒரு அடி மீன் திரும்பணும்னா தொட்டி அகலம் ரெண்டடி வேணும். ஒண்ணரை அடி அகலத்துல அத வளக்குறத பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கும், முன்னாடி பின்னாடி போகும், திரும்ப எடம் இருக்காது. அது போடுற கழிவும் அதிகம், சின்ன ஃபில்டர் தாங்காது. மணல தோண்டும், செடிய புடுங்கும், ஹீட்டர தட்டும். அஞ்சடி தொட்டில ரெண்டு, ஆறடில மூணு, அம்புட்டுதான். கூட செவரம் விடலாம், சாதுவான மீன், வட்டமா தட்டையா இருக்கும், கீரை விரும்பி தின்னும்.

ஃப்ளவர்ஹார்ன் பத்தி கேக்காத ஆளே இல்ல. இயற்கைல இப்படி ஒரு மீன் கெடையாது, 1990-கள்ல மலேசியால பல அமெரிக்க சிக்லிட்ட கலந்து உருவாக்குனது. வாஸ்துக்காக வாங்குறவங்க இருக்காங்க, அது அவங்கவங்க நம்பிக்கை, நல்லபடியா வளத்தா சரி. நல்லபடியான்னா நாலடி தொட்டில தனியா ஒரே ஒரு மீன், மூணடில இல்ல. கூட எத விட்டாலும் கடிச்சு கொன்னுரும். தண்ணி விஷயத்துல போர் தண்ணிக்கு ரொம்ப நல்லாவே பொருந்தும். பெரிய தொட்டி வைக்கிறதே பல மீன் ஒண்ணா நீந்துறத பாக்கத்தான்னா இது உங்களுக்கு இல்ல.

இந்த ரெண்டு மீன் விஷயத்துலயும் ஒண்ணு சொல்லியே ஆகணும். வளந்து பெருசாயிருச்சு, வச்சுக்க முடியலன்னு மாடக்குளம் கண்மாய்லயோ வண்டியூர் கண்மாய்லயோ கொண்டுபோய் விட்டுறாதீங்க. நாம மார்க்கெட்ல வாங்குற ஜிலேபி மீனும் சிக்லிட்தான், ஆப்பிரிக்கால இருந்து 1952-ல இந்தியாவுக்குள்ள வந்துச்சு, இன்னைக்கு எந்த கண்மாய்ல வலை வீசுனாலும் அதுதான் வருது, உளுவையும் குரவையும் கெளுத்தியும் அள்ளுன எடத்துல ஜிலேபியா கெடக்கு. வளந்த மீன திருப்பி எடுத்துக்குற கடை எதுன்னு வாங்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

டிஸ்கஸ் அழகு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. சூடும் நம்ம ஊருக்கு ஒத்துவரும், 28-ல இருந்து 30 டிகிரி அதுக்கு பிடிச்ச சூடு. ஆனா அமேசான் தண்ணி மென்மையானது, சுண்ணாம்பே இல்லாத தண்ணி. பண்ணைல வளந்த டிஸ்கஸ் கொஞ்சம் தாங்கும்தான், ஆனா காரை புடிக்கிற போர் தண்ணில வளக்கணும்னா ஆர்ஓ கலந்தே ஆகணும். ஒரு கணக்கு போடுங்க. ஆறடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடி தொட்டி 680 லிட்டர். வாரத்துக்கு பாதி மாத்துனா 340 லிட்டர், டிஸ்கஸ் வளக்குறவங்க இதவிட அதிகமாவே மாத்துவாங்க. வீட்டு ஆர்ஓ மெஷின் மணிக்கு 15 லிட்டர் தருதுன்னா 23 மணி நேரம் ஓடணும், அதுல கழிவா வெளிய போற தண்ணி நல்ல தண்ணிய விட ஜாஸ்தி. சித்திரை வைகாசில போர்ல காத்து வர்ற ஊர்ல இத என்னால மனசார சொல்ல முடியல. மாநகராட்சி தண்ணி தாராளமா வர்ற வீடு, கடினம் கம்மின்னு கிட்ல பாத்து உறுதி பண்ணியாச்சு, அப்படின்னா டிஸ்கஸ் தாராளமா யோசிக்கலாம், இல்லன்னா அதே தண்ணில ஏஞ்சல் மீன், அதுவும் சிக்லிட்தான், விலையும் கம்மி வேலையும் கம்மி. ஏஞ்சலுக்கு மட்டும் தொட்டி உயரம் வேணும், ரெண்டடி உயரம் இருந்தா துடுப்பு விரிச்சு நிக்கிறது தனி அழகு. தொட்டில காஞ்ச வாதாம் மர இலை ரெண்டு மூணு போட்டா தண்ணி டீ கலர்ல மாறும், அந்த மீனுக்கு அது பழகுன தண்ணி.

கடைசியா நம்ம ஊரு சிக்லிட். இந்தியாவுக்குன்னே மூணு வகை சிக்லிட் இருக்கு, பாதி பேருக்கு தெரியாது. அதுல ரெண்டு தொட்டிக்கு நல்லா வரும். கேரளால கரிமீன்னு வாழையிலைல பொரிச்சு தர்றாங்களே அது ஒண்ணு, பச்ச குரோமைடு, 2010-ல அத கேரளா அரசு மாநில மீனாவே அறிவிச்சுச்சு. இன்னொண்ணு ஆரஞ்சு குரோமைடு, மூணு இஞ்ச் மீன், அங்க பள்ளத்தின்னு சொல்வாங்க. ரெண்டும் உப்பு கலந்த கழிமுகத்து தண்ணில வாழுற மீன், நம்ம கரிக்கிற போர் தண்ணி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, வெயிலும் பழகுனது. ஆரஞ்சு குரோமைடு தாயும் தகப்பனும் சேந்து குட்டிய பாத்துக்கும், குட்டிங்க பெத்தவங்க உடம்புல இருக்குற வழவழப்ப கடிச்சு தின்னு வளரும். இன்னொரு விஷயமும் இருக்கு, பச்ச குரோமைடு உடம்புல ஒட்டுற பூச்சிய ஆரஞ்சு வந்து கொத்தி சுத்தம் பண்ணி விடும். அஞ்சடி தொட்டில பச்ச குரோமைடு அஞ்சாறு, ஆரஞ்சு ஒரு பத்து பன்னெண்டு விட்டா, கலர்ல மலாவிய எட்ட முடியாது, ஆனா அமைதியா கூட்டமா திரியுறது பாக்க அவ்வளவு நல்லா இருக்கும். குறை என்னன்னா அம்மோனியா (மீன் கழிவுல இருந்து வர்ற விஷம்) கொஞ்சம் ஏறுனாலும் பச்ச குரோமைடு தாங்காது, புது தொட்டில முதல்ல அத விடக்கூடாது, பச்ச குரோமைடு எட்டு இஞ்ச்க்கு மேலயும் வளரும். கடைல எப்பவும் இருக்காது, சொல்லி வச்சுத்தான் வாங்கணும்.

தண்ணிய பாத்தா போர் வீட்டுக்கு மலாவி இல்லன்னா குரோமைடு, மாநகராட்சி தண்ணி வீட்டுக்கு ஏஞ்சல், டிஸ்கஸ், செவரம், ரெண்டுலயும் சமாளிக்கிறது ஆஸ்கார். ஆனா மலாவி எடுக்குறவங்க சூட்டையும் கணக்குல வைக்கணும். அந்த ஏரி 23-ல இருந்து 28 டிகிரிக்குள்ள இருக்கும், நம்ம கத்திரி வெயில்ல ஏசி இல்லாத ஹால்ல தொட்டி தண்ணி 32 போகும். சூடு ஏற ஏற தண்ணில காத்து கரையுறது கொறையும், 25 டிகிரில லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32-ல 7.3தான், அதே நேரம் மீனுக்கு மூச்சு தேவை கூடும். சில்லர் வாங்கலாம், விலை ஒரு பக்கம், 300 வாட்ஸ் எடுக்குற சில்லர் நாளைக்கு பத்து மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட். நம்ம ஊரு காத்து வறண்ட காத்து, அது இந்த விஷயத்துல நமக்கு லாபம், தொறந்த தண்ணி மேல ஒரு சின்ன ஃபேன் அடிச்சாலே ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஈரக்காத்து அடிக்கிற கடலோர ஊர்ல இந்த அளவு எறங்காது. ஆனா தண்ணி வத்தும், நாளைக்கு அரைக்குடம் குறையும், வத்துனது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டிலயேதான் இருக்கும். அதுக்கு மேல போர் தண்ணியே ஊத்திக்கிட்டு இருந்தா உப்பு ஏறிக்கிட்டே போகும், அதனால வத்துன அளவுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, வாராந்திர மாத்துறதுக்கு போர் தண்ணி. மேற்கு பாத்த சுவத்துல தொட்டி வைக்காதீங்க, சாயந்தர வெயில் சுவத்தையே அடுப்பாக்கிரும்.

தொட்டி அளவு: நாலடிக்கு ஒண்ணரைக்கு ஒண்ணரை 255 லிட்டர், அஞ்சடிக்கு ரெண்டுக்கு ரெண்டு 566 லிட்டர், ஒரே ஒரு அடி நீளம் கூடுன மாதிரி தெரியும், ஆனா ரெண்டு மடங்குக்கு மேல தண்ணி. என் தேர்வு அஞ்சடி. ஏஞ்சல் மாதிரி மீன தவிர மத்த சிக்லிட்டுக்கு உயரம் முக்கியமில்ல, அகலம்தான் முக்கியம், அகலம் இருந்தாத்தான் கல்லு அடுக்கி எல்லை பிரிக்க முடியும், தோத்த மீன் ஓடி ஒளிய எடம் இருக்கும். ஆறடி நீளத்துல ஒண்ணரை அடி அகலத்த விட அஞ்சடில ரெண்டடி அகலம் மேல். கண்ணாடி கடைல "அண்ணே, இதுக்கு பத்து எம்எம்மே தாங்கும்ணே, எதுக்குண்ணே வீணா காசு"ன்னு சொல்லுவாய்ங்க, கேக்காதீங்க, ரெண்டடி உயரத்துக்கு 12 எம்எம், மேல சுத்தி பட்டி ஒட்டச் சொல்லுங்க, சிலிக்கான் ஒரு வாரமாவது காயட்டும், வெளிய வச்சு முழுசா தண்ணி நிரப்பி ரெண்டு நாள் பாத்துட்டு உள்ள தூக்குங்க.

எடைய பத்தி யோசிக்காம யாரும் எறங்காதீங்க. அஞ்சடி தொட்டில தண்ணி 520 கிலோ, 12 எம்எம் கண்ணாடி 105 கிலோ, கல்லும் மணலும் 120, ஸ்டாண்டு 60, மொத்தம் 800 கிலோ பத்து சதுர அடில நிக்கிது. வீட்டு தளத்த சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம்னு கணக்கு வச்சுத்தான் பொதுவா டிசைன் பண்றாங்க. தரைத்தளம்னா கவலை இல்ல. மாடின்னா பீம் போற சுவத்த ஒட்டி வைக்கணும், வீடு கட்டுன இன்ஜினியர ஒரு வார்த்தை கேட்டுக்கணும். மாசி வீதி பக்கம் இருக்குற பழைய வீடுங்க, மரக்கட்டை உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடி, அதுல பெரிய தொட்டியே வேணாம், நாலடியும் வேணாம். ஸ்டாண்டுக்கு செங்கல் கட்டி மேல கடப்பா கல்லு போடுறதும் சரி, இரும்பு ஸ்கொயர் பைப் வெல்டிங்கும் சரி, மட்டம் பாத்து, நடுவுல தெர்மாகோல் ஷீட் ஒண்ணு போட்டுறணும்.

ஃபில்டர்ல கேனிஸ்டரா சம்ப்பான்னு ஒரு கேள்வி வரும். சம்ப்னா வீட்டுக்கு கீழ தண்ணி தேக்குற தொட்டி இல்லங்க, கேபினெட்டுக்குள்ள வைக்கிற ரெண்டாவது கண்ணாடி தொட்டி, மேல இருந்து தண்ணி வழிஞ்சு எறங்கி ஸ்பாஞ்சு, கல்லு எல்லாம் தாண்டி மோட்டார் வழியா திரும்ப மேல போகும். கேனிஸ்டர் மூடுன டப்பா, சத்தம் இல்ல, எடம் அடைக்காது. நம்ம ஊருக்கு நான் சம்ப்தான் சொல்லுவேன், அதுக்கு காரணம் கரண்ட்டு. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல நிறுத்துனா சாயந்தரம்தான் வரும். கேனிஸ்டருக்குள்ள தண்ணி ஓட்டம் நின்னா உள்ள இருக்குற காத்து சீக்கிரம் தீந்து, கழிவ சுத்தம் பண்ற பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், கரண்டு வந்ததும் அந்த கெட்ட தண்ணி அப்படியே தொட்டிக்குள்ள போகும். சம்ப் தொறந்து இருக்கும், தண்ணி வழிஞ்சு விழும்போதே காத்து கலக்கும், நம்ம சூட்டுக்கு அதுவே பெரிய உதவி. மோட்டார் 60 வாட்ஸ்னா ராப்பகலா ஓடி ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட், இலவச யூனிட்ல பெரிய பங்க அதுவே முழுங்கிரும், 30 வாட்ஸ் டிசி மோட்டார் விலை கூட இருந்தாலும் கரண்டுல பாதி மிச்சம். எதுவா இருந்தாலும் இன்வெர்ட்டர்ல ஒரு ஏர் மோட்டார் லைன் தனியா குடுத்துருங்க.

போர் தண்ணி தொட்டிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அம்மோனியா தண்ணில ரெண்டு உருவத்துல இருக்கும், அதுல ஒண்ணுதான் மீன கொல்லும். 30 டிகிரி சூட்டுல பிஎச் 7-ன்னா அந்த கொல்ற பாகம் நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல, அதே சூட்டுல பிஎச் 8.2 ஆனா நூத்துக்கு பதினொண்ணு. அதாவது பிஎச் கம்மியான தண்ணில பொழச்சுக்குற மீன், நம்ம தண்ணில அதே அழுக்குக்கு செத்துரும். அதனால தொட்டி வச்ச மறுநாளே மீன் விடுறது இங்க ஆகவே ஆகாது, நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஃபில்டர ஓட விட்டு, ஓடிக்கிட்டு இருக்குற தொட்டில இருந்து அழுக்கு ஸ்பாஞ்சு ஒண்ணு கேட்டு வாங்கி உள்ள போட்டு, அம்மோனியாவும், அதுல இருந்து மாறி வர்ற நைட்ரைட்டும் ரெண்டும் பூஜ்யம் காட்டுற வரைக்கும் பொறுக்கணும்.

உள்ள போடுற கல்லுக்கு மேலூர் பக்கத்து கிரானைட் நல்ல கல்லு, தண்ணில எதையும் கரைக்காது. கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்புக் கல்லு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாருங்க, சுண்ணாம்பா இருந்தா அந்த எடத்துல பொடிப்பொடியா நுரைக்கும். மலாவிக்கு அத போட்டா தப்பில்ல, ஏற்கனவே கடினமா இருக்குற தண்ணிக்கு தேவையும் இல்ல, டிஸ்கஸ் ஏஞ்சல் தொட்டில போடவே கூடாது. கல்ல கண்ணாடி மேல நேரா அடுக்கிட்டு அப்பறம் மணல் போடுங்க, மணல் மேல அடுக்குனா மீன் தோண்டி கல்லு சரிஞ்சு கண்ணாடிய ஒடைக்கும். எம்சாண்ட் முனை கூர்மையா இருக்கும், மணல வாயில அள்ளி சலிக்கிற மீனுக்கு ஆகாது, நீச்சல் குளத்து ஃபில்டர்ல போடுற மணல் கெடச்சா அதுதான் நல்லது. குகைக்கு மானாமதுரை மண்பானைய விட நல்லது எதுவும் இல்ல, வண்ணம் அடிக்காதது, வாய் பக்கம் கொஞ்சம் ஒடச்சு கவுத்தி வச்சா ஒரு குடும்பம் குடியேறிரும்.

வாரத்துக்கு 40 சதவீதம் மாத்துறதுன்னா அஞ்சடி தொட்டிக்கு 225 லிட்டர், 20 லிட்டர் வாட்டர் கேன்ல பதினோரு கேன். தூக்கி ஊத்த முடியாது, பாத்ரூம் பக்கமோ பால்கனி பக்கமோ ஹோஸ் எட்டுற தூரத்துல தொட்டி இருக்கணும். இத விடியக்காலைல பண்ணுங்க, ஏப்ரல் மே மாசம் மத்தியானம் மொட்டைமாடி சின்டெக்ஸ்ல இருந்து வர்ற தண்ணி கைய சுடும், அத நேரா விட்டா அன்னைக்கே மீன் போயிரும். மாநகராட்சி தண்ணின்னா குளோரின முறிக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டுட்டு விடணும்.

மலாவின்னு முடிவு பண்ணுனவங்களுக்கு மீன் எண்ணிக்கை. முபுனான்னா அஞ்சடில 25-ல இருந்து 30, குறைச்சா தப்பு, கம்மியா இருந்தா ஒரு ஆண் ஒரே மீன தொரத்தி தொரத்தி கொன்னுரும், கூட்டமா இருந்தா கோவம் பல பக்கம் பிரிஞ்சுரும். மூணு நாலு வகைக்கு மேல வேணாம், பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு வகைய சேக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணு சண்டையும் போடும், கலந்து குட்டியும் போடும். ஆரட்டஸ் குட்டில மஞ்சக் கோடு போட்டு அழகா இருக்கும், வளந்தா ரவுடி, வேணாம்னு நேராவே சொல்றேன். கலர்தான் வேணும், குட்டி வேணாம்னா ஆண் பீக்காக்கும் ஹேப்பும் மட்டும் 12-ல இருந்து 15, ஒவ்வொண்ணும் வேற வேற உருவம், கூட ரெண்டு மூணு எலக்ட்ரிக் யெல்லோ. ரெண்டு இஞ்ச் குட்டியே கண்ணப் பறிக்கிற கலர்ல இருந்தா ஹார்மோன் குடுத்து ஏத்துன கலரா இருக்கலாம், வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல வெளுத்துரும், மூணு நாலு இஞ்ச்ல அதுவா கலர் எறங்குன ஆண வாங்குறது காசுக்கு நியாயம்.

முபுனாவ முடிஞ்ச வரைக்கும் ஒரே அளவுல, எல்லாத்தையும் ஒண்ணா விட்டுருங்க, இன்னைக்கு அஞ்சு அடுத்த மாசம் அஞ்சுன்னு விட்டா முதல்ல போனது எல்லா கல்லையும் புடிச்சுக்கிட்டு புதுசா வர்றத அண்ட விடாது. ஒண்ணா விடுறதால முதல் ரெண்டு வாரம் தீனிய பாதியா குறைச்சு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ அம்மோனியா பாத்துக்கோங்க. அப்பறமா புதுசு சேக்க வேண்டி வந்தா அன்னைக்கு கல்லையெல்லாம் கலைச்சு வேற மாதிரி அடுக்கிட்டு, லைட்ட அணைச்சுட்டு விடுங்க. குட்டியா வாங்குனதுல ஆண் எது பெண் எதுன்னு எட்டு மாசம் ஒரு வருஷத்துல தெரிய வரும், அப்ப ஒரு ஆணுக்கு மூணு பெண்ணாவது இருக்குற மாதிரி மிச்ச ஆண கடைல குடுத்து மாத்திக்கணும்.